ஐந்தாம் வகுப்புக்குப் புரியும்படி

8-11-2005

மழை விடவில்லை. ஏரி நிரம்பி வழிகிறது என்று காலையிலிருந்து பேச்சு. இதற்கு நடுவில் சந்திரகலா என்னைக் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிப் போனாள். என் மகன் வயிற்றுப் பேத்தி. பெரிய படிப்பு படித்துவிட்டு அங்கே ஒரு ஆராய்ச்சி ஆபீசில் இருக்கிறாள். பெண்களுக்கு ஆலோசனை சொல்கிற வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். என்ன ஆலோசனை என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

எய்ட்ஸ் வராமல் தடுக்க ஒரு ஜெல். புருஷனோடு சேருவதற்கு முன்னால் பெண்களே உள்ளே போட்டுக்கொள்வது. எழுதக் கை கூசுகிறது. என் நோட்டுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்.

சேருகிற பெண்களுக்கு ஒரு தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். அந்தத் தாள் ஐந்தாவது படித்தவருக்குப் புரிய வேண்டும் என்பது மேலிடத்து விதி. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் பதினைந்து, பதினாறு வருஷம் படித்தவர்கள். "எங்க ஆயா இருக்காங்க மேடம், சரியா அஞ்சாவது" என்று இவள் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் அவளோடு பேசவே இல்லை நான்.

போனபிறகு கோபம் போய்விட்டது. அந்த ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா எதிரில் உட்கார்ந்து, "சத்தமா படிங்கம்மா. எங்க தடுக்குதோ அங்க எங்க மேலதான் தப்பு" என்றார். 'சளிச்சவ்வு' என்று வந்தது. "இது இன்னாங்க?" என்றேன். அடித்துவிட்டு வேறு எழுதினார். 'சீரற்ற ஒதுக்கீடு' என்று ஒன்று. நான் முழித்த முழியைப் பார்த்து, 'சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல' என்று மாற்றினார். பாதிப் பேருக்கு மருந்து கலந்த ஜெல், பாதிப் பேருக்குக் கலக்காதது. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். மொத்தம் பதினோரு இடத்தில் நின்றேன். பதினோரு இடத்திலும் திருத்தினார்.

ஆறாவதுக்கு அனுப்பாமல் என்னை நாற்று நட அனுப்பினார் என் அப்பா. ஐம்பது வருஷம் கழித்து அந்த ஐந்தாவதுக்கு இன்றைக்கு மரியாதை.

10-11-2005

மீதிப் பக்கங்களையும் படித்தேன். கடைசியில் இப்படி இருந்தது: 'இந்த ஜெல் நோயைத் தடுக்குமா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. தீங்கு செய்யவும் கூடும். ஆகவே கணவர் ஆணுறை அணிவது அவசியம்.' ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. கடகடவென்று படித்தேன்.

"புரியுதாம்மா?"

"நல்லா புரியுதுங்க."

புரியத்தான் புரிந்தது. கல்யாண வீட்டில் பதினாறு வகை இலையில் போட்டுவிட்டு, 'ஏதோ எங்களால முடிஞ்ச கஞ்சி' என்று கை கூப்புவதில்லையா? அதுபோலத்தான். தம் மருந்தைத் தாமே புகழக் கூடாது என்று அடக்கமாக எழுதியிருக்கிறார்கள். தெரியாத மருந்தை யாராவது வெளிநாட்டிலிருந்து கப்பல் ஏற்றி அனுப்புவார்களா.

18-2-2006

மகளிர் குழுக் கட்டடத்தில் கூட்டம். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஆலோசனைக் குழு என்று போட்டு என்னையும், பழவேற்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தையற்காரி ரஷீதாவையும் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சந்திரகலா தாளைப் படித்தாள். முதலில் வாய் திறந்தவள் முத்தம்மாள்தான்.

"தெரியாதுன்னு அவுங்களே சொல்லிக்கினு கீறாங்க. நம்ம இன்னா எலியா?"

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "பெரிய மனுசங்க அடக்கமாத்தான்டி பேசுவாங்க. அந்தத் தாளை மூணு வாட்டி படிச்சவ நானு. நான் சொல்றேன், தைரியமா சேருங்க."

சந்திரகலா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அப்டி சொல்லக்கூடாது ஆயா." அப்புறம் எல்லாரிடமும், ஆயா சொல்றது தப்பு, தாளில் இருப்பதுதான் சரி என்று திரும்பப் படித்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

"கெங்கம்மாக்காவே சொல்லிட்டாங்க, அப்பால டாக்டர் இன்னாத்துக்கு?" என்றாள் ரஷீதா. எல்லாரும் சிரித்தார்கள். இருபத்தொரு பேர் பெயர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின், பொழுது சாய்கிற நேரத்தில் எதிர்வீட்டு நர்மதா வந்தாள். அவள் புருஷன் அன்புராஜ் வெல்டர். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற வேலைக்கு, 'சட்டவுன்' என்பார்கள், விசாகப்பட்டினம், நெல்லூர் என்று மாதத்தில் இருபது நாள் போய்விடுவான். போன இடத்தில் அவன் எப்படி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் காதுக்கும் போயிருக்கும்.

"அத்தே, அவருக்குத் தெரியாம போட்டுக்கலாமா அது?"

"போட்டுக்கலாம்னுதான் தாள்ல கீது."

"அப்ப என் பேரையும் எழுதிக்க."

வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

14-3-2006

நர்மதாவுக்கு ரத்தம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, சேர்த்துக்கொண்டார்கள். விரல் நீளத்தில் வெள்ளைக் குழாய்கள், ஒரு பை நிறைய. தீர்ந்த குழாயைத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு. அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாளாம். எப்படி இருக்கும் என்று கேட்டேன். "வெண்டிக்கா நறுக்கின கை மாதிரி கீது அத்தே" என்றாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

6-7-2006

நர்மதா சொன்னது: "முன்னெல்லாம் அவரு பஸ்ஸ உட்டு எறங்குனாலே வயித்துல புளி கரைக்கும் அத்தே. இப்ப இல்ல."

இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

29-10-2006

தீபாவளி முடிந்த கூட்டத்தில் டாக்டரம்மா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். சிவப்புக் கரை. பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் எடுக்கச் சுலபமாக இருக்கும்.

1-2-2007

சந்திரகலா மத்தியானமே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"நிறுத்திட்டாங்க ஆயா."

ஜெல் தடுக்கவில்லையாம். எத்தனையோ நாட்டில் போட்டுப் பார்த்ததை எல்லாம் கூட்டிப் பார்த்தார்களாம். மருந்து கலந்ததைப் போட்டவர்களுக்கே நோய் கொஞ்சம் அதிகமாக வந்திருக்குமோ என்று சந்தேகம். இன்றோடு எல்லாரும் நிறுத்த வேண்டும். மீதிக் குழாய்களை வாங்கிவிட வேண்டும். எல்லாருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும்.

"அது எப்டிடி? மருந்து போட்டவளுக்கேவா?"

"தாள்லயே இருந்துச்சே ஆயா. தீங்கு செய்யவும் கூடும்னு. நீதானே படிச்ச."

படித்தேன். தடுக்காமல் படித்தேன்.

3-2-2007

வீடு வீடாகப் போனோம். நான் வர வேண்டாம் என்றாள் சந்திரகலா. என் வாயை நம்பித்தானே வந்தார்கள், நான் போகாமல் எப்படி.

ஒருத்தி பையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். ஒருத்தி மாமியார் இருப்பதால் கண்ணாலேயே போ போ என்றாள். அப்புறம் களத்துமேட்டுக்கு ஓடி வந்து கொடுத்தாள். ஒருத்தி அழுதாள். "எனக்கு மருந்து இல்லாததுதான் குடுத்துருப்பாங்க இல்ல? சொல்லேன் ஆயா." போன மாதம் வரைக்கும் தனக்கு மருந்து உள்ளதுதான் வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு இருந்தவள் அவள்.

முத்தம்மாள் வாசலைக் கூட்டிக்கொண்டே கேட்டாள்: "எலிங்க எல்லாம் பத்திரமா கீதா?"

அடுத்த வீட்டுப் பக்கம் நடந்தேன்.

நர்மதா வீடு பூட்டியிருந்தது. திருவாலங்காட்டில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். பூட்டைப் பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. இப்போது எழுதும்போது அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பு. இன்னா பொம்பள நான்.

5-2-2007

டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். சந்திரகலாவிடம் சொல்லவில்லை.

"அன்னிக்குப் புரியுதுன்னு சொன்னேன் இல்லீங்களா, அது புரியலீங்க. நீங்க அடக்கத்துக்கு எழுதுனீங்கன்னு நெனச்சிக்கினேன். விருந்து வச்சவங்க கஞ்சின்னு சொல்ற மாதிரி."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டுவார் என்று பார்த்தேன்.

"தெரியாதுன்னுதான் நாங்க எழுதினோம்மா. ஆனா மனசுக்குள்ள, தெரியும்னுதான் நினைச்சிக்கிட்டு இருந்தோம். தடுக்கும்னுதான். நீங்க அதைத்தான் படிச்சிருக்கீங்க."

"நான் ஊருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"நான் வந்து பேசுறேன். உங்க மேல தப்பு இல்லன்னு சொல்றேன்."

"வேணாங்க. வாக்கு என்னுது."

7-2-2007

குழுக் கட்டடத்தில் நின்று சொன்னேன். தெரியாது என்று அவர்கள் சொன்னது நிஜமாகவே தெரியாமல் சொன்னது. நான்தான் தெரிந்தமாதிரி பேசினேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். ரஷீதா தண்ணீர்ச் சொம்பை நீட்டி, "குந்துக்கா, தண்ணி குடி" என்றாள்.

9-2-2007

நர்மதா வந்துவிட்டாள். காலையிலேயே போய் ரத்தம் கொடுத்துவிட்டாளாம். முடிவு திங்கட்கிழமை. நான் போனபோது தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து கெண்டை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன தைரியத்தில்தானே ஆணுறை வேண்டாம் என்று விட்டிருப்பாய், உனக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவம் என்னுடையது என்றேன். அவள் அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அத்தே, அது எங்க ஊட்டுக்குள்ளவே வந்ததில்ல."

"இன்னாடி சொல்ற? மாசாமாசம் கேப்பாங்களே?"

"கேப்பாங்க. போட்டாருன்னு சொல்லுவேன். உன் பேத்தி நல்ல பொண்ணு, அது மொகம் வாடக்கூடாதுன்னு சொல்லுவேன். அவருகிட்ட ஒரே ஒரு வாட்டி கேட்டேன். 'எவன்கிட்ட கத்துக்கினு வந்த'ன்னாரு. அதோட சரி."

கையைப் பிசைந்துகொண்டு நின்றேன் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் உன்னாலதான் நடக்குதுன்னு உனக்கு ஒரு நெனப்பு. நல்லது நடந்தாலும் நீ, கெட்டது நடந்தாலும் நீ. எனக்குன்னு கையில இருந்தது அந்தக் குழாய் ஒண்ணுதான். அதையும் இப்ப இல்லன்றீங்க." செதிலைத் தட்டிவிட்டு, "நகரு, பூனை வருது" என்றாள்.

வந்து சும்மா படுத்துக்கொண்டேன். அவள் சொன்னது கோபமா? கோபமாகவும் தெரியவில்லை. அறுபத்திரண்டு வயதில் என்னை இப்படி யாரும் பார்த்துச் சொன்னதில்லை.

12-2-2007

காலையிலிருந்து சந்திரகலா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியும். "கேக்காத ஆயா" என்றாள். "நான் கேக்கவே இல்லையே." "உன் கண்ணு கேக்குது." சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

மாலையில் நர்மதாவே கொல்லைப்பக்கமாக வந்து சொன்னாள். ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். நான் அவள் தலையைத் தொட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு இருவதாம் தேதி வராரு. இந்த மூணு மாசத்துக்கு இன்னா பண்றது அத்தே?"

21-2-2007

நேற்று ராத்திரி வண்டியில் அன்புராஜ் வந்துவிட்டான். அசதியில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று நர்மதா விடிந்ததும் வந்து சொன்னாள். அவன் குளிக்கப் பம்புசெட்டுக்குப் போனபோது நானும் போனேன். நர்மதா ஜெல் போட்டது அவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நாக்கை அடக்கிப் பேச வேண்டும். எனக்கு அது பழக்கமில்லை.

"டேய் அன்பு, வெளியூர் போற பசங்க எல்லாம் ரத்தம் பாத்துக்கணும்னு சொல்றாங்கடா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

சோப்பு நுரையோடு நின்று என்னை முறைத்தான். "பெரிம்மா, ஒனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? போய் பேத்திக்கு மாப்ள பாரு."

"அது பாத்துக்கலாம். உன் ரத்தத்துல இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"தெரியுமான்னு கேட்டேன்."

தொட்டியில் தலையை விட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சோப்பா வேறா என்று தெரியாது. ஆள் வருகிறார்களா என்று வரப்புப் பக்கம் பார்த்துவிட்டு, "போன வருசத்துலர்ந்து எடை எறங்கிக்கினே போவுது பெரிம்மா" என்றான்.

சின்னப் பிள்ளையில் இவனுக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான்.

"எனக்கு சுகர் பாக்க திருவள்ளூர் போணும், தொணைக்கு நீ வரே. ஊட்ல அப்டி சொல்லு" என்றேன்.

27-2-2007

திருவள்ளூர் பெரியாஸ்பத்திரி. சொன்ன பொய்க்கு மெய் வேண்டுமே என்று நானும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தேன். எனக்கு நிஜமாகவே சர்க்கரை இருக்கிறதாம்.

அவனை உள்ளே கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார்கள். வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"கீதாம் பெரிம்மா."

இன்னா சொல்லுவேன். முப்பத்தியொரு வயசு. கை ரெண்டையும் முட்டி மேல வச்சிக்கினு, பள்ளிக்கூடத்துல அடி வாங்கப்போற புள்ள மாதிரி குந்திக்கினு கீறான். இவன அடிக்கணும்னு வந்துச்சு, அணைக்கணும்னும் வந்துச்சு. ரெண்டும் செய்யல.

"மருந்து கீதாம். சாப்ட்டா நல்லா இருக்கலாமாம்." கையை முட்டியிலிருந்து எடுக்காமலே, "அவளுக்கு?" என்றான்.

"நீதான் அவகிட்ட கேக்கணும்."

எனக்குத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சந்திரகலா இத்தனை நாள் எப்படி வாயைக் கட்டிக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளைப் பற்றி ஊரில் எவ்வளவோ பெருமை பேசியிருக்கிறேன். இதைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தான். என்னுடையதில் சர்க்கரை வேண்டாம் என்று அவனே சொன்னான்.

2-3-2007

எதிர்வீட்டுக் கதவு மூன்று நாளாகச் சாத்தியிருக்கிறது. நர்மதாவின் பிள்ளைகள் என் வீட்டில் சாப்பிடுகின்றன.

3-3-2007

நர்மதா குழாயடிக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அடித்தானா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

"அவருதான் அழுதாரு. நான் பாத்துக்கினே இருந்தேன். அப்பால கேட்டேன், நான் ஒரு வாட்டி கேட்டப்ப எவன்கிட்ட கத்துக்கினேன்னு கேட்டியே, நீ எவகிட்ட கத்துக்கினு வந்தேன்னு. அதுக்குத்தான் மூணு நாளு."

"இப்ப?"

"நான் ஜெல்லு போட்டதையும் சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல. ஆஸ்பத்திரில குடுத்த ஆணுறை பெட்டிய எடுத்து சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிக்கீறாரு. பைத்தியம். வைக்க வேற எடமா இல்ல?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் குழாயை மூட மறந்து நின்றேன்.

14-5-2007

நர்மதாவுக்கு இன்றும் ஒன்றும் இல்லை. அவளே வாசல் வழியாக வந்து, சத்தமாகவே சொன்னாள்.

கும்மிடிப்பூண்டி ஆபீஸ் போர்டைக் கழற்றிவிட்டார்கள். டாக்டரம்மா மெட்ராசுக்குப் போகிறார். சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தார், மோர் குடித்தார். வேறு சில மருந்துகளை வைத்து இன்னும் ஜெல் செய்து பார்க்கிறார்களாம், அங்கங்கே. "பொம்பளைங்க கையிலேயே ஒண்ணு இருக்கணும்மா, ஆம்பளைங்கள கேட்டுக்கிட்டு நிக்காம. அதை விட முடியாது" என்றார்.

"எப்ப வரும்?"

"தெரியாதும்மா."

தெரியாது என்றால் தெரியாது. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

3-6-2007

ஆஸ்பத்திரியில் போன வாரமே ஆணுறை தீர்ந்துவிட்டதாம், வரவில்லையாம். அன்புராஜுக்கு உள்ளூர்க் கடையில் போய்க் கேட்கக் கூச்சம். சும்மாவே மெலிந்திருக்கிறான், ஒன்றுக்கு இரண்டாகப் பேசுவார்கள் என்று பயம். நர்மதா போனால் கேட்கவே வேண்டாம்.

ஆதிகேசவன் மருந்துக் கடைக்கு நான் போனேன். என் சர்க்கரை மாத்திரையை வாங்கிக்கொண்டு, அதையும் கேட்டேன். முத்தம்மாள் தைலம் வாங்க நின்றுகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பேர்.

ஆதிகேசவன் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு ஆயா?" என்றான்.

"எனக்குத்தான் நைனா. ரெண்டு பெட்டி குடு."

முத்தம்மாள் தைலப் புட்டியைத் திறந்து மோந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அவன் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்தான். சுற்ற வேண்டாம், அப்படியே கொடு என்றேன். கையில் பிடித்துக்கொண்டு பெரிய தெரு வழியாகத்தான் வந்தேன்.

சாயங்காலம் நர்மதா முருங்கைக்கீரை பறிக்க வருவாள். கீரைக்கு அடியில் வைத்துக் கொடுக்க வேண்டும்.